விபத்தில்லா மாதத்துக்குப் பிரியாணி போடாதீர்கள்

மாங்கூழ் கம்பெனியில் பாதுகாப்புக்குப் பரிசு வைக்க நினைக்கிறீர்களா? "இந்த மாசம் யாருக்கும் அடிபடலைன்னா ஷிஃப்டுக்கே பிரியாணி" என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அடிபடுவது நிற்காது, அதைச் சொல்வதுதான் நின்றுபோகும். விரலில் கத்தி பட்டவள் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பாள். கேட்டால், "என்னாலதான் பிரியாணி போச்சுன்னு பேசுவாங்கக்கா" என்பாள். கிருஷ்ணகிரியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிற நான் காதால் கேட்டது இது.

பரிசைச் செயலுக்குக் கொடுங்கள். அதுவும் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு மூன்று செயலுக்கு. பழத்தைக் கூழாக்கும் மெஷினான பல்பர் அடைத்துக்கொண்டால் மெயினை அணைத்து, மெஷின் நின்ற பிறகே கை வைப்பது. தரையில் விழுந்த தோலை அப்போதே வழித்துத் தள்ளுவது. கத்தியைப் பழப்பெட்டியான கிரேட்டுக்குள் போடாமல் தட்டில் வைப்பது. 'கவனமாக இருத்தல்' என்று எழுதினால் யாருக்குக் கொடுப்பீர்கள், யாருக்கு மறுப்பீர்கள்?

பார்த்த இடத்திலேயே சொல்லுங்கள். "நல்லா பண்றீங்க" என்பது காற்றோடு போய்விடும். "நிறுத்திட்டு கை வச்சீங்களே, அதான் சரி" என்றால் மனதில் நிற்கும். வயதில் மூத்தவர்களைக் கூட்டத்தில் வைத்துப் புகழாதீர்கள், கூச்சப்படுவார்கள். பக்கத்தில் போய்ச் சொன்னால் போதும். மேஸ்திரி சொன்னால் மேனேஜர் சொல்வதைவிட எடுபடும். ஊரிலிருந்து வேனில் கூட்டி வருகிறவர் அவர்தானே? சரியாகச் செய்தவருக்குக் கொடுக்கிற பரிசு டோக்கன் புத்தகத்தை அவரிடமே கொடுங்கள்.

மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தில் உறுதிமொழி எடுப்போம். அப்போது நிரந்தர ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள். பெங்களூரா ரக மாங்காய் லோடு குவிகிற ஜூனில் நிற்பவர்கள் பாதிப் பேர் புது முகம். அதனால் ஆள் சேர்கிற முதல் வாரத்தில் டோக்கனைத் தாராளமாகக் கொடுங்கள். பழக்கம் பிடித்த பிறகு எப்போதாவது, எதிர்பாராமல் கொடுத்தால் போதும். விட்டு விட்டுப் பரிசு கிடைத்த பழக்கம் சீக்கிரம் மறையாது என்று உளவியலாளர் ஸ்கின்னர் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்.

டோக்கனுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். எங்கள் லைனில் டிபன் பாக்ஸைவிட, சந்தை நாளில் அரை மணி முன்னால் வேன் ஏறுவதைத்தான் கேட்டார்கள். கம்பூட்ஸையும் கையுறையையும் பரிசு என்று நீட்டாதீர்கள். அது கம்பெனி கொடுக்க வேண்டிய பொருள்.

கிரேட் கணக்கில் கூலி கொடுக்கிற இடத்தில் எந்த டோக்கனும் ஜெயிக்காது. மெஷினை நிறுத்திய நேரத்துக்கும் கூலி போடுங்கள்; இல்லையென்றால் ஓடும்போதே கை விடச் சொல்லிப் பரிசு கொடுப்பது நீங்கள்தான்.

"வழுக்குச்சு, ஆனா விழலக்கா" என்று வந்து சொல்பவளுக்கும் டோக்கன் உண்டு. அவள் காட்டிய ஒழுகலை அன்றைக்கே அடைத்துவிடுங்கள். மறுநாளும் அங்கே ஒழுகினால் அப்புறம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.