தீக்குச்சியும் மேட்ச், கிரிக்கெட்டும் மேட்ச், அது எப்படி?

தீக்குச்சிக்கும் மேட்ச்ங்குறாங்க, கிரிக்கெட்டுக்கும் மேட்ச்ங்குறாங்க, அம்மா ஜவுளிக்கடைல போய் புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் பிட் கேக்குறாங்க. எல்லாம் ஒரே வார்த்தைதானா? நீங்களே கண்டுபிடிச்சிடலாம், ரொம்ப ஈஸி.

ஸ்டெப் 1: தமிழ் அர்த்தம் மட்டும் காட்டுற ஆப்ப மூடிடுங்க. ஆக்ஸ்போர்டு, மெரியம் வெப்ஸ்டர் மாதிரி டிக்‌ஷ்னரில தேடுங்க. ஒரே ஸ்பெல்லிங் நம்பர் போட்டு தனித்தனியா வந்தா, வேற வேற வார்த்தையோன்னு சந்தேகப்படலாம். ஆனா பெயர்ச்சொல்லுக்கு ஒண்ணு வினைச்சொல்லுக்கு ஒண்ணுன்னும் சிலதுல நம்பர் போடுவாங்க, நான் அதுலதான் முதல்ல ஏமாந்தேன்.

ஸ்டெப் 2: அதனால நம்பர விடுங்க, எட்டிமாலஜின்னு, வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ற ஒரு பகுதி இருக்கும், அதப் படிங்க. தீக்குச்சி மேட்ச் பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது, இன்னைக்கும் பிரெஞ்சுல மெஷ்னா திரிதான். முதல்ல விளக்குத்திரி, அப்புறம் துப்பாக்கிய வெடிக்க வைக்கிற புகையுற கயிறு (நம்ம பட்டாசுத் திரிய நினைச்சுக்கோங்க), அப்புறம் கந்தகம் தடவுன குச்சி. உரசுனா பத்துற குச்சிய 1827ல இங்கிலாந்துல ஜான் வாக்கர்னு ஒரு மருந்துக்கடைக்காரர் விக்க ஆரம்பிச்சார், அதுக்கும் கடைசில அதே பேருதான் ஒட்டிக்கிச்சு.

கிரிக்கெட் மேட்சோட பூர்வீகமே வேற. அது பழைய ஆங்கிலச் சொல், அர்த்தம் துணை, ஜோடில ஒண்ணு. ஆக இது ரெண்டு வார்த்தை, ஸ்பெல்லிங் மட்டும்தான் ஒண்ணு. நம்ம ஊர்ல ஓடுற ஆறும் அஞ்சுக்கு அடுத்த ஆறும் மாதிரி.

ஸ்டெப் 3: இதுதான் எனக்குப் புடிச்ச இடம். ஒரே வேர்ல இருந்து வந்த அர்த்தங்கள் எப்படி நகந்துச்சுன்னு யோசிங்க. ஜோடின்னா ஒண்ணுக்கொண்ணு ஈடு, ஈடானத சேத்தா மேட்சிங் பிளவுஸ், ஈடானவங்க மோதுனா கிரிக்கெட் மேட்ச். சும்மா அடிச்சு விடுறேன்னு நினைக்காதீங்க, தமிழ்ல பொருன்னா சண்டை போடுறது, அதே சொல்லுக்கு ஒப்பாகுறதுன்னும் அர்த்தம் உண்டு, பொருவிலான்னா ஈடே இல்லாதவன். ரெண்டு மொழியும் தனித்தனியா ஒரே ரூட்ல போயிருக்கு பாருங்க!

ஸ்டெப் 4: இப்ப நீங்க பண்ணுங்க. நாய் குரைக்கிறதுக்கும் பார்க், மரப்பட்டைக்கும் பார்க், பழைய பாய்மரக் கப்பலுக்கும் பார்க். வாகனம் நிறுத்துற பார்க் (park) இல்ல, இது bark, முதல் எழுத்து மட்டும் வேற. எத்தனை வேர்னு தேடிட்டு வாங்க, ரெண்டுல நிறுத்திடாதீங்க.