ஏரிக்கரையா, அரண்மேடா? வேலூர்ப் பகுதியின் பழைய மண்கரைகளைப் பிரித்தறியும் முறை

பழைய வட ஆர்க்காட்டில் நீண்ட மண்மேடு எதைக் கண்டாலும் அதை முதலில் ஏரிக்கரை என்றே கொள்ள வேண்டும். காவேரிப்பாக்கம் பேரேரி முதல் சிற்றூர்த் தாங்கல் வரை, இங்கே மண்ணைக் குவித்தவர்களில் பெரும்பாலோர் நீருக்காகவே குவித்தனர். ஐயம் எழுந்தால், மண் எந்தப் பக்கத்தில் வெட்டப்பட்டது என்று பாருங்கள்.

காவலுக்காக எழுப்பிய அரண்மேட்டுக்கு மண் தந்த பள்ளமே அகழி. அது பெரும்பாலும் பகைவர் வரும் பக்கத்தில் மேட்டை ஒட்டியே ஓடும். இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடையே, 8ஆம் நூற்றாண்டு மன்னன் ஆஃபாவின் பெயரால் வழங்கும் மண்கரையிலும் அகழி வேல்சு நோக்கிய மேற்குப் புறத்தில்தான் அமைந்துள்ளது. நீர் நிறைந்த வேலூர்க் கோட்டை அகழியை மனத்தில் வைத்துத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தூர்ந்த மண் அகழி ஒரு முழப் பள்ளமாகவே எஞ்சியிருக்கலாம், ஆனால் ஈரம் தங்குவதால் சுற்றுப்புறம் காய்ந்த பின்னும் அங்கே பயிர் பசுமையாக நிற்கும்.

ஏரிக்கரையோ சரிவின் குறுக்கே வளைந்து, இரு முனையிலும் மேட்டு நிலத்தோடு கலந்துவிடும். அலை அரிக்காமல் உட்சரிவில் பாவிய அலைகற்கள், பாசனத்துக்கு நீர் விடும் மதகான தூம்பு, மிகுநீர் வழிந்தோடும் கலங்கல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது நீர்க்கரைதான். கைவிட்ட ஏரிகளில் தூம்பின் கல்தூண்கள் இரண்டு மட்டும் சீமைக்கருவேலப் புதருக்குள் மறைந்து நிற்கும். புதரை விலக்கிப் பாராமலே கோட்டை என்று முடிவு கட்டுவோர் அதிகம்.

களத்துக்குச் செல்லுமுன் கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்து, ஏரிப் புறம்போக்கின் எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டைமேடு, அகழி என வழங்கும் நிலப்பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறியுங்கள். அறுவடைக்குப் பின், நிழல் நீளும் காலை வேளையில் மேட்டின் குறுக்கே கயிறு கட்டி, மீட்டருக்கு ஒருமுறை மட்டக்குழாயால் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) உயரம் எடுத்தால் குறுக்குவெட்டுத் தோற்றம் கிடைத்துவிடும். வண்டிப்பாதைக்காக வெட்டிய இடமிருந்தால் மண்ணடுக்குகளைப் படமெடுங்கள். பானை ஓடுகளைப் பிடுங்க வேண்டாம். புதையல் ஏதேனும் வெளிப்பட்டால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அகழியும் தூம்பும் இல்லாத தாழ்ந்த மேடு ஊரெல்லையோடு பொருந்தினால் அது எல்லை வரப்பாக இருக்கலாம். பழைய செப்பேடுகள் ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ எல்லை வகுத்ததைக் கூறுவதால், அத்தகைய மேட்டின் திருப்பங்களில் கல் தேடுங்கள்: சூலம் பொறித்திருந்தால் சிவன் கோயில் நிலத்தின் எல்லையாகவும், சக்கரம் பொறித்திருந்தால் பெருமாள் கோயில் நிலத்தின் எல்லையாகவும் பெரும்பாலும் கொள்ளலாம்.