விநோதப் பூச்சிகளைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கேமரன் மலைச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில்தான் எங்கள் ஊரான தாப்பா இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் காடு. மழை விட்ட காலையில் பிள்ளைகள் ஜாம் போத்தலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். உள்ளே குச்சி நடக்கும், இலை நடக்கும். அவர்கள் கண் விரிவதைப் பார்க்கவே எனக்கு ஆசை. ஆனால் தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும், பெரியவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். போத்தல் மூடியில் துளை போடுவதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

மரத்தடியைக் கூட்டிக் கொளுத்துவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தெரிந்தவர் வீட்டுக் கொய்யாவில் இலைப்பூச்சி ஒன்று தங்கியிருந்தது. மெல்ல ஊதினால் காற்றில் இலை அசைவதுபோல் அசையும். காலின் ஓரங்கள்கூடப் புழு அரித்த மாதிரி, பழுப்பேறியிருக்கும். அவர் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். மருந்து அடிக்கவில்லை, கிளை வெட்டவில்லை. ஆனால் சாயங்காலமானால் மரத்தடியைச் சுத்தமாகக் கூட்டி, சருகைக் குவித்துத் தீ வைத்துவிடுவார். மறு வருடம், "அண்ணே, ஒண்ணுமே வரலையே" என்று என்னிடம் கேட்டார். எப்படி வரும்?

இலைப்பூச்சி முட்டையை இலையில் ஒட்டி வைப்பதில்லை. மேலே இருந்தபடியே ஒவ்வொன்றாகக் கீழே போடும். பழுப்பு நிறம், பார்த்தால் ஏதோ விதை என்றுதான் தோன்றும். சருகோடு சருகாகப் பல மாதம் கிடந்துதான் பொரிக்கும். 1984இல் அறிவியல் பெயர் பெற்ற நம் நாட்டு இராட்சத இலைப்பூச்சியில் ஆணைக் காண்பதே அரிது. பெண் இணை சேராமலே முட்டையிடும். ஒரே ஒரு பெண் தங்கினால் போதும், அடுத்த தலைமுறை மரத்தடியில் கிடக்கும். அதைத்தான் கொளுத்துகிறோம்.

குச்சிப்பூச்சியும் அப்படித்தான். பல வகைகளின் முட்டையில் ஒரு முனையில் சின்னக் குமிழ் இருக்கும். எறும்பு அதற்காகவே முட்டையைப் புற்றுக்குத் தூக்கிப்போய், குமிழைத் தின்றுவிட்டு முட்டையை அப்படியே விட்டுவிடும். மண்ணுக்குள் அது பத்திரம். பொரிந்து முடிந்த முட்டை கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மூடி கழன்ற குட்டிப் பானை.

இலைப்பூச்சிக் குஞ்சு பிறக்கும்போது பச்சையாக இருக்காது. கருஞ்சிவப்பாக, விறுவிறுவென்று மரம் ஏறும். இலை தின்னத் தொடங்கிய பிறகுதான் பச்சை வரும். எறும்பு என்று நினைத்து அதன்மேல் மருந்து அடிப்பவர்களும் உண்டு.

கொசு வரும் என்பார்கள். சரி, வாசலைக் கூட்டுங்கள், தண்ணீர் தேங்கும் டப்பாவை அப்புறப்படுத்துங்கள். மரத்தைச் சுற்றி இரண்டு முழச் சருகை மட்டும் விட்டுவையுங்கள். அந்த இரண்டு முழத்தைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

முகம் பயங்கரமாக இருந்தால் அடித்துவிடுவது

நீண்ட கழுத்து, வளைந்த ஊசி அலகு, கறுப்பு உடம்பு. செம்பனை ஓலையைத் தின்று தீர்க்கும் பைப்புழுவை, அதாவது பை போன்ற கூட்டுக்குள் வாழும் புழுவைக் குத்தி உறிஞ்சுகிற கொலைகாரப் பூச்சி (assassin bug) இது. தோட்டச் சாலையோரம் மஞ்சள் பூச்செடிகளை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு மட்டும் அல்ல. பைப்புழுவின் எதிரிகள் அங்கே தேன் குடித்துத் தங்கட்டும் என்றுதான். தோட்டத்தையே காக்கிற பூச்சியைச் செருப்பால் அடிக்காதீர்கள். கையிலும் பிடிக்க வேண்டாம், குத்தினால் உயிர் போகிற வலி.

அட்லஸ் அந்துப்பூச்சிக்குச் சீனித்தண்ணீர்

வளர்ந்த பிறகு அதற்கு வாய் வேலை செய்யாது. விட்டுவிடுங்கள்.

நீள்மூக்குப் பூச்சி இரவில் ஒளிரும் என்று காத்திருப்பது

ஆங்கிலத்தில் 'விளக்குப் பூச்சி' (lantern bug) என்பார்கள், ஆனால் ஒளிராது.

கண்ணாடிச் சட்டத்தில் விற்கும் பூச்சிகளை வாங்குவது

வேண்டாம்.

'எறும்புதானே' என்று கழுத்தில் நசுக்குவது

விளக்கைத் தேடி வரும், கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறிப் பட்டை போட்ட ஒல்லிப் பூச்சி. மலாயில் செமுட் காயாப் என்பார்கள். ஆனால் அது எறும்பல்ல, வண்டு. கடிக்காது, கொட்டாது. நசுக்கினால்தான் வினை: உடம்புக்குள் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு பட்ட இடம் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளிக்கும். மேலே ஏறினால் ஊதித் தள்ளுங்கள். தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்குமுன் அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.