மைக்கைத் தொடும் முன்: காசு வாங்கும் ரைடரிடம் உழைப்பைக் கேட்கும் முறை

பொங்கலில் தொடங்கி, மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நெருங்கும்வரை டெல்டா ஊர்களில் கபடிக்குக் குறைவில்லை. கோப்பை மேல் கண் வைத்த ஊர்க் குழு, உள்ளூர்ப் பையன்கள் ஆறு பேரோடு வெளியூர் ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டு வருபவர்) ஒருவரைக் காசு பேசி இறக்குகிறது. அரையிறுதியில் தோற்றதும் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பணம் போட்டவர் மைக்கை வாங்கி, “இவ்வளவு குடுத்தும் மனசு வெச்சு ஆடல” என்பார். யாரோ ஒரு பையன் அதைப் போனில் பிடிப்பான். மறுநாள் டீக்கடை திறப்பதற்குள் அது ஒரத்தநாட்டிலிருந்து திருத்துறைப்பூண்டிவரை போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த ரைடர் இனி வரமாட்டார். அது போகட்டும். அவரோடு சேர்ந்து ஆடிப் பழகிய கார்னர், அதாவது ஓரத்தில் நின்று பிடிக்கும் ஆட்டக்காரரும் வரமாட்டார். அடுத்த தையில் வேறொருவரைக் கூப்பிட்டால், “முழுப் பணத்தையும் முன்னாடியே வெச்சிடுங்கண்ணே” என்பார். திட்டியதற்கு ஆகும் செலவு அதுதான்.

உழைப்பைக் கேட்கவே கூடாது என்பதில்லை. காசு வாங்கினால் கேட்கத்தான் வேண்டும். எதை, எப்போது, யார் கேட்பது என்பதில்தான் குழுக்கள் வழுக்குகின்றன.

முதலில் நோட்டு

“மனசு வைக்கல” என்பதை யாரும் அளக்க முடியாது. அளக்கக்கூடியதை எழுதி வையுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஆட்டம் தெரிந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன், இவ்வளவு போதும். ரைடர் பாடப் போகும் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து. தொட்டு வந்தால் ‘தொ’, எதிரணிப் பக்கத்துப் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துப் புள்ளி எடுத்தால் ‘போ’, வெறுமனே திரும்பினால் ‘வெ’, பிடிபட்டால் ‘பி’. அடுத்தடுத்து இரண்டு வெறும் ரைடுக்குப் பிறகு, புள்ளி எடுத்தே ஆக வேண்டிய மூன்றாவது ரைடு, அதாவது டூ ஆர் டை என்றால் அந்த எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். எழுத்துக்குக் கீழே, அப்போது எதிரணியில் எத்தனை பேர் நின்றார்கள் என்று ஓர் எண். ஓரத்தில், அவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்த நிமிடங்கள்.

இந்தக் கடைசிக் கணக்கைத்தான் பெரும்பாலான குழுக்கள் பார்ப்பதே இல்லை. பிடிபட்ட ரைடர் தானாக உள்ளே வர முடியாது. நம் அணி எதிரணி ஆளை அவுட்டாக்கினால்தான் ஆள் உயிர்ப்பார். அதுவும் வெளியேறிய வரிசைப்படி. அவருக்கு முன்னால் இரண்டு பேர் அவுட்டாகி உட்கார்ந்திருந்தால், எதிரணியில் மூன்று பேர் அவுட்டான பிறகே அவர் களத்தில் இறங்குவார். 20 நிமிடப் பாதியில் 11 நிமிடம் வெளியே இருந்தவரைப் பார்த்து “ஒண்ணுமே செய்யல” என்று கத்துகிறோம். அந்த 11 நிமிடம் பிடியில் கோட்டை விட்ட கார்னரும், உள்ளே தள்ளி நின்று பிடிக்கும் கவரும் நம்மூர்ப் பையன்கள். அவர்களைத் திட்ட நமக்கு வாய் வராது.

நோட்டைப் படிப்பது சுலபம். வட்டம் போட்ட எழுத்தெல்லாம் அவர் கணக்கிலேயே இருந்தால், மற்ற ரைடர்கள் முதல் இரண்டையும் வெறும் ரைடாகப் போய்வந்து, சிக்கலை அவர் தலையில் கட்டுகிறார்கள். எதிரே ஆறேழு பேர் நிற்கும்போதுதான் போனஸ் கிடைக்கும்; அப்போதும் ‘வெ’ ‘வெ’ என்றே வந்தால் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. எதிரே மூன்று பேர் மட்டும் நிற்கும்போது மாட்டினால் சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு இரண்டு புள்ளி. அங்கே அவர் பதுங்கினால் அது புத்தி. நாம் முன்னிலையில் இருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் 30 விநாடியையும் கரைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதும் அப்படித்தான். கூட்டம் ஊளையிடும். விடுங்கள்.

ஓர் ஆட்டத்து நோட்டை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். குறைந்தது மூன்று ஆட்டம் சேரட்டும்.

தூக்கமா, காலா, மண்ணா

எண்கள் மோசமாகவே இருந்தாலும் சோம்பலுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று.

தூக்கம் முதலாவது. நம் போட்டிகள் இரவில் விளக்கு போட்டு நடப்பவை; இறுதி ஆட்டம் முடிய விடிந்துவிடுவதும் உண்டு. முந்தின இரவு பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடிவிட்டுப் பைக்கில் வந்தவர் மறுநாள் ஏழாவது ரைடிலேயே மூச்சு வாங்குவார். இரண்டாவது கால். தொடைப் பின்தசை பிடித்திருந்தால் ரைடர் நேராக ஓடுவார், சட்டென்று திரும்பும்போது மட்டும் தயங்குவார். கணுக்கால் பிரச்சினை என்றால் எப்போதும் போகும் பக்கத்தை விட்டு மறுபக்கமே போவார். இரண்டும் வெளியிலிருந்து பார்க்கப் பயம் போலவே இருக்கும்.

மூன்றாவது மண். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு பெரும்பாலும் நம்முடையது. சம்பா அறுத்த வயலில் உளுந்து தெளித்திருப்பதால் களம் திடலிலோ, விட்டுவைத்த வயலிலோதான் அமையும். நம் களிமண் மாசி வெயிலில் வெடிக்கும், பங்குனியில் செங்கல்லாகிவிடும். மேட் விரிப்பில் ஆடிப் பழகிய ரைடர் இதில் பாய மாட்டார். பாய்ந்தால் முட்டியும் முழங்கையும் போகும் என்பது அவருக்குத் தெரியும். களத்தை மூன்று நாள் முன்பே தயார் செய்யுங்கள். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் இரண்டு மீட்டராவது கூடுதல். நான்கு அங்குல ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, நெல் தாள் முனைகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, மணலோ சவுடோ கலந்து நிரவுங்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து விடுங்கள். ஆட்டத்தன்று தெளித்தால் மேலே வழுக்கும், அடியில் கல்லாகவே இருக்கும். கணுக்கால் புரள்வது அதில்தான். அறுவடை மெஷின் விட்டுப்போன தாள் முனை வெறுங்காலில் குத்தினால் அந்தத் தொடரே முடிந்தது.

காசுக்கு முன்னால் காகிதம்

உழைப்பு என்று நீங்கள் எதை நினைக்கிறீர்களோ, அதை நாளாகவும் மணியாகவும் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை. ஒரு பக்கம் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அவரவர் போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும். எந்தெந்தத் தேதி, எந்தப் போட்டி. போட்டிக்கு முன் எத்தனை மாலை பயிற்சிக்கு வர வேண்டும் (மூன்றுக்குக் குறைந்தால் கார்னரோடு கைப்பழக்கம் வராது). ஆட்டத்தன்று எத்தனை மணிக்குத் திடலில் நிற்க வேண்டும். முந்தின இரவு வேறெங்கும் ஆடக்கூடாது. வண்டிச் செலவு, சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு. எடைப்பிரிவுப் போட்டி என்றால் எடையும் வர வேண்டும். ஒரு வாரம் முன்பே நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாளில் மூன்று கிலோ குறைக்கச் சொன்னால் அவர் தண்ணீரை விட்டுவிட்டுத்தான் குறைப்பார், இரண்டாம் பாதியில் கெண்டைக்கால் இழுக்கும். பிறகு ‘மனசு வைக்கல’ என்போம்.

அடிபட்டால் என்ன என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். 2022 புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முட்டி அடிபட்டு அந்தத் தொடர் முழுக்க வெளியே இருந்தார். கோடிகளுக்கு நடப்பது ஆயிரங்களுக்கும் நடக்கும். நம் ஆட்டத்தில் அடிபட்டால் மருத்துவச் செலவு குழுவுடையது, பேசிய பணத்தில் குறைப்பு கிடையாது என்று இருந்தால்தான் அவர் காலை நம்பி நீட்டுவார்.

பணத்தைப் பிரிக்கும் விதத்தில் பாதி வேலை முடிந்துவிடும். 20,000 பேசியதாக வையுங்கள். கையெழுத்துக்கு 5,000, மூன்று மாலைப் பயிற்சி முடிந்ததும் 5,000, முதல் ஆட்டம் முடிந்த இரவு 7,000, போட்டி முடிந்ததும் 3,000. பயிற்சிக்கென்று தனித் தவணை இருப்பதால், வராதவரிடம் சண்டை போடத் தேவையில்லை. அந்தத் தவணை நிற்கும், அவ்வளவுதான். “புள்ளிக்கு இவ்வளவு” என்று மட்டும் பேசிவிடாதீர்கள். அடுத்தவருக்குப் போக வேண்டிய ரைடையும் அவரே பிடுங்குவார், கடைசி நிமிடத்தில் ஆட்டத்தைப் பூட்ட வேண்டிய நேரத்தில் புள்ளிக்கு ஓடி மாட்டுவார். “ஜெயிச்சாத்தான் காசு” என்பதும் ஆகாது. ஏழு பேர் ஆடும் ஆட்டத்தின் தோல்வியை ஒருவர் பையிலிருந்து எடுக்க முடியாது.

எழுதுவதிலும் அளவு உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் அரிசோனா கார்டினல்ஸ் அணி 2022 ஜூலையில் தன் குவாட்டர்பேக் கைலர் மரேவோடு ஐந்து ஆண்டுக்கு 230.5 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. குவாட்டர்பேக் என்பவர் பந்தை எடுத்து யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் ஆள். எதிரணியின் பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்துப் படிப்பது அவர் வேலையில் பெரும் பங்கு. அதனால் வாரம் நான்கு மணி நேரம் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டும், வீடியோ கேம் ஆடிக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ இருந்தால் அது கணக்கில் சேராது என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். விஷயம் வெளியே கசிந்ததும் ஊரே சிரித்தது. சில நாளில் அணியே அந்த வரியை எடுத்துவிட்டது. கேட்டது நியாயம்தான், பள்ளிக்கூடப் பையனைச் சந்தேகப்படுவது போல எழுதியதில்தான் கெட்டது. ஆகவே “குடிக்கக் கூடாது, ஊர் சுற்றக் கூடாது” என்றெல்லாம் காகிதத்தில் ஏற்றாதீர்கள். “மாலை 4 மணிக்குத் திடலில்” என்றால் அதற்குள் எல்லாம் அடங்கும்.

பேசும் நாள்

தோற்ற இரவு வேண்டாம். மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டே பேர்: கேப்டனும் பயிற்சி கொடுப்பவரும். பணம் போட்டவர் இருக்கக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து அனுப்புபவரோ, அரிசி ஆலைக்காரரோ, அவர் வாயைத் திறந்தாலே பேச்சு காசுக்குப் போய்விடும்.

முதலில் கேட்பது காலைப் பற்றி இருக்கட்டும். “தம்பி, கால் எப்படி இருக்கு? உள்ளத சொல்லு, காசுல ஒண்ணும் புடிக்க மாட்டோம்.” பதிலை முழுக்கக் கேட்டபிறகு நோட்டை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். “மூணு மேட்ச்ல நாப்பது ரைடு போயிருக்க. பதினாலு வெறும் ரைடு, அதுல ஒம்பது ஏழு பேர் நிக்கையில. போனஸுக்குக் கால் ஏன் போகல?” பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள், தேதியோடு: “வெள்ளி, சனி ரெண்டு சாயங்காலமும் வந்து லெஃப்ட் கார்னரோட அரை மணி நேரம் போனஸ் மட்டும் பழகு.” ஐந்து குறையை அடுக்கினால் ஒன்றும் நடக்காது. அவர் “சரிண்ணே” என்று ஐந்து முறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த ஆட்டத்தில் முதல் ஏழில் இறக்காதீர்கள். காரணத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு, முதல் ஐந்து நிமிடம் உள்ளூர் ரைடரை விடுங்கள், பிறகு மாற்று ஆளாக இறக்குங்கள். மைக்கில் சொல்வதைவிட இது உறைக்கும். உள்ளூர்ப் பையனுக்கும் ஆட்டம் கிடைக்கும். வடுவூர் மாதிரிக் கபடிக்குப் பேர்போன ஊர்களில் வெளியூர் ஆளுக்கு அலைய வேண்டியதில்லை என்றால், பையன்களை இப்படி இறக்கி இறக்கி வளர்த்ததுதான் காரணம்.

வெளியில் சொல்லியே ஆக வேண்டுமென்றால்

சில சமயம் வழி இருக்காது. வசூல் கொடுத்த ஊர் கணக்குக் கேட்கும். அப்போதும் அவரிடம் முதலில் சொல்லிவிட்டு, குழுவில் ஒருவர் மட்டும், மூன்று வாக்கியத்தில் முடியுங்கள்: பேசியது மூன்று மாலை, வந்தது ஒன்று, இரண்டாம் தவணை கொடுக்கவில்லை. அவர் ஊர், தெரு, சாதி, குடி, எதுவும் வாயில் வரக் கூடாது. அதில் ஒன்று வந்தாலும் பிறகு நடப்பது கபடிச் சண்டையாக இருக்காது.

முகபாவமும் பேச்சுதான். 2024 மே 8 அன்று லக்னோ அணி எடுத்த 165 ரன்னை ஐதராபாத் 9.4 ஓவரில் விக்கெட் இழக்காமல் தாண்டியது. ஆட்டம் முடிந்ததும் லக்னோ உரிமையாளர் சஞ்சீவ் கோயங்கா மைதானத்திலேயே கேப்டன் கே.எல். ராகுலிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. நாடு முழுக்க அதைத்தான் பேசியது. அந்த ஆண்டு இறுதி ஏலத்தில் ராகுல் டெல்லி அணிக்குப் போய்விட்டார். களத்தின் ஓரத்தில் நின்று ரைடரிடம் விரல் நீட்டும் குழுத் தலைவர்கள், எதிரே எத்தனை போன் தூக்கியிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பிரிவது என்று முடிவானால் அன்றே கணக்கை முடியுங்கள். முடித்த தவணை வரைக்கும் பணம், திரும்பிப் போகும் வண்டிச் செலவு, இரண்டையும் கையில் கொடுத்து, ஜெர்சியை வாங்கிக்கொண்டு, அதே காகிதத்தின் பின்பக்கம் “பாக்கி இல்லை” என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஃபிளெக்ஸில் அவர் படம் இருந்தால் அதை மறுநாள் பகலில், ஆட்கள் பார்க்கக் கிழிக்காமல், இரவிலேயே கழற்றிச் சுருட்டி வைத்துவிடுங்கள்.