தவணைக் காசோலையிலிருந்து நாச் மேண்டேட்டுக்கு மாறுவது எப்படி?

கடன் வாங்கும்போதே பின்தேதியிட்ட காசோலைகளைக் கட்டுக்கட்டாகக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவது முன்பு வழக்கமாக இருந்தது. மின்னணுப் பற்று வசதி உள்ள இடங்களில் தவணைக்கெனப் புதிதாக அத்தகைய காசோலைகளைப் பெறக் கூடாது என்றும், ஏற்கெனவே பெற்றவற்றுக்குப் பதிலாக வாடிக்கையாளரிடம் புதிய மேண்டேட், அதாவது கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ளத் தரும் அனுமதி, வாங்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2013 மார்ச்சில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அப்போது இசிஎஸ் என்ற மின்னணுப் பற்று முறை இருந்தது. இன்று அந்த இடத்தில் தேசியப் பணம்செலுத்தும் கழகம் நடத்தும் நாச் என்ற முறை இருக்கிறது.

முதல் படி: கடன் கணக்கு எண், தவணைத் தொகை, கடைசித் தவணையின் தேதி, சேமிப்புக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர் ரத்து செய்த காசோலை ஒன்றைக் கேட்டால், குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதிக் கொடுங்கள்; அதில் கையெழுத்திட வேண்டாம்.

இரண்டாம் படி: மேண்டேட் படிவத்தை நிரப்புங்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். 'நிலையான தொகை', 'அதிகபட்சத் தொகை' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மாறும் வட்டியில் தவணை கூடக்கூடும் என்பதால் கடன் கொடுத்தவர் அதிகபட்சத் தொகையையே விரும்புவார், அது நியாயமே. ஆனால் 12,450 ரூபாய்த் தவணைக்கு 50,000 ரூபாய் என்று எழுதியிருந்தால், அவ்வளவு எதற்கு என்று கேளுங்கள், ஏனெனில் அந்த வரம்புக்குள் எவ்வளவு கேட்டாலும் உங்கள் வங்கி மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்துவிடும். தொகை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகிய கட்டங்கள் வெறுமையாக இருக்கும் படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். தாளில் தருவதானால் வங்கியில் பதிவான அதே கையெழுத்து வேண்டும். கூட்டுக் கணக்கில் இருவரும் சேர்ந்தே இயக்கும் ஏற்பாடு இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். நெட்பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் வழியாக மின்மேண்டேட்டும் தரலாம். அங்கும் ஓடிபி இடுவதற்கு முன் திரையில் தெரியும் தொகையைப் படித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: பதிவு ஏற்கப்பட்டதும் யூஎம்ஆர்என் எனப்படும் 20 எழுத்தெண் கொண்ட அடையாளம் கிடைக்கும். பின்னாளில் மேண்டேட்டைத் திருத்தவோ ரத்து செய்யவோ அது தேவைப்படும் என்பதால் குறித்து வையுங்கள்.

நான்காம் படி: நாச் வழியாக முதல் தவணை பிடிக்கப்பட்டதைக் கணக்கறிக்கையில் பார்த்த பிறகு, மீதமுள்ள தவணைக் காசோலைகளை, அவற்றின் எண்களைப் பட்டியலிட்டு, கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காசோலையும் மேண்டேட்டும் ஒரே மாதத்தில் வங்கிக்குப் போனால் ஒரே தவணை இரண்டு முறை பிடிக்கப்படும் அபாயம் உண்டு. காசோலைகள் கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்த எண்களுக்குப் பணம் தர வேண்டாம் என்று உங்கள் வங்கியில் நிறுத்தக் கோரிக்கை கொடுத்துவிடுங்கள்.

தவணைக்கு முந்தைய நாளே கணக்கில் பணம் இருக்கட்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் எல்லா நாளும் இயங்குவதால் ஞாயிற்றுக்கிழமையிலும் தவணை பிடிக்கப்படலாம். காசோலை இல்லாததால் வழக்கு வராது என்று எண்ண வேண்டாம். பணமில்லாமல் மின்னணுப் பற்று திரும்பினால், 2007ஆம் ஆண்டின் பணம்செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, காசோலை திரும்புவதற்கு உரியதைப் போலவே இரண்டு ஆண்டு வரை சிறையோ, தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அதற்கு முன் எழுத்தில் அறிவிப்பு வரும். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் தொகையைச் செலுத்திவிட்டால் அந்தக் குற்றம் எழாது.

கடன் முடிந்ததும், கடன் தீர்ந்ததற்கான சான்றிதழை வாங்கும்போதே, யூஎம்ஆர்என்னைக் குறிப்பிட்டு மேண்டேட்டையும் ரத்து செய்யக் கோருங்கள்.