மால்டாவில் ஊர்த் திருவிழாவையும் கடலையும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

கோடையில் மால்டாவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்து, அதன் அருகே அறை எடுத்துவிட்டு, திருவிழா ஏதேனும் கண்ணில் பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. திருவிழாவின் நாள் உங்களுக்காக நகராது. ஆனால் எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதை அன்று காலை காற்றின் திசையைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். முதன்மைத் தீவின் நீளமே ஏறத்தாழ 27 கிலோமீட்டர்தான் என்பதால் இது எளிதில் கைகூடும்.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2023-இல் இடம்பெற்ற இந்தப் பங்குத் திருவிழாக்களை, அதாவது ஊர்க் கத்தோலிக்க ஆலயங்களின் விழாக்களை, தீவு மக்கள் ஃபெஸ்தா என்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் இது கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நிறைவுறுகிறது. அதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே மாலைதோறும் கொண்டாட்டம் நடக்கும். சில விழாக்களுக்கு மட்டும் தேதி நிலையானது: லியாவில் ஆகஸ்ட் 6, பிர்குவில் புனித லாரன்சுக்கு ஆகஸ்ட் 10, விண்ணேற்பு அன்னையான மரியாளுக்கு ஆகஸ்ட் 15, அன்னையின் பிறப்புக்குச் செப்டம்பர் 8. ஆகஸ்ட் 15 அன்று மோஸ்தா, அட்டார்ட், குட்ஜா, இம்ஆப்பா, ரெண்டி, கோசோ தீவின் விக்டோரியா எனப் பல ஊர்கள் ஒரே வேளையில் கொண்டாடுவதால், எல்லாவற்றையும் பார்க்க நினைத்து ஓடாமல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அன்றைய நாளுக்கு இன்னொரு நினைவும் உண்டு: இரண்டாம் உலகப் போரில் முற்றுகையால் பட்டினியின் விளிம்பில் இருந்த தீவுக்கு எரிபொருள் சுமந்து வந்த ஒஹையோ என்ற கப்பல், 1942 ஆகஸ்ட் 15 அன்றுதான் துறைமுகம் சேர்ந்தது. அது வந்த கப்பல் அணியை மக்கள் இன்றும் சாந்தா மரியாவின், அதாவது அந்த விண்ணேற்பு அன்னையின், பெயராலேயே குறிப்பிடுகிறார்கள்.

ஒரே ஒரு மாலைதான் உங்களிடம் இருக்கிறது என்றால், எதற்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வாணவேடிக்கை விருப்பமென்றால், விழாவுக்கு முந்தைய இரவில் போக வேண்டும். அருகருகே அமைந்த இம்ஆப்பாவும் ரெண்டியும் இதில் பெயர்பெற்றவை. வானத்து வெடிகள் முடிந்த பிறகு, கம்பங்களில் பொருத்திய பெரிய சக்கர வாணங்கள் நிறம் மாறி மாறிச் சுழல்வதைக் காணாமல் திரும்பிவிடாதீர்கள். புனிதரின் சிலையான சுரூபத்தின் பவனியைக் காண விரும்பினால், விழா நாளன்று மாலை வெளிச்சம் மங்கும் முன்பே ஆலய முகப்புக்குச் சற்றுப் பக்கவாட்டில் இடம் பிடித்துவிடுங்கள். மரத் தண்டுகளைத் தோளில் தாங்கிய ஆண்கள் சுரூபத்தை வாசலுக்குக் கொண்டுவரும் கணத்தில் மணிகள் ஒலிக்கும், பேண்டு முழங்கும், மாடங்களிலிருந்து காகிதத் துண்டுகள் கொட்டும். பிறகு அவர்கள் அடி அடியாக, இசைக்கு ஏற்ப அசைந்து நகர்வார்கள். வீதிகளைச் சுற்றிவந்து சுரூபம் மீண்டும் ஆலயம் புக இரவு வெகுநேரம் ஆகிவிடும். பல ஊர்களில் பேண்டு சங்கங்கள் இரண்டு இருக்கும். இரண்டுக்கும் இடையிலான போட்டி தலைமுறைகளைக் கடந்தது. யாருடைய இசை மேல் என்று சங்கத்தின் மதுக்கூடத்தில் அமர்ந்து கருத்துச் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

இனி, கடல். தீவில் மிகுதியாக வீசுவது மஜ்ஜிஸ்த்ரால் என்ற வடமேற்குக் காற்று. அது வலுக்கும் நாளில் மேற்கு நோக்கிய கோல்டன் பே, ஐன் துஃபீஹா ஆகிய மணற்கரைகளில் அலை உயர்ந்து, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டாகும். நன்றாக நீந்துபவர்களும் அதில் சிக்கியிருக்கிறார்கள். அன்று தென்கிழக்கே, பிர்செபுஜாவின் பிரெட்டி பேயிலோ மர்சஷ்லோக் அருகிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ் பூல் பாறைக்கரையிலோ நீர் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பிரெட்டி பேயில் நீந்தும்போது சரக்குத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் எதிரே நிற்கும், அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அது நல்ல கரை. ஷ்லோக் என்ற தென்கிழக்குக் காற்று வீசினால் கணக்கைத் திருப்பிப் போட்டு, மேற்குக் கரைக்குச் செல்லுங்கள். ஐன் துஃபீஹாவுக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டைத் திரும்பி ஏறியும் ஆக வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கக் கூடாது. ஊதாக் கொடி இழுதுமீன் போன்றவை இருப்பதற்கான எச்சரிக்கை. கொமினோ தீவின் ப்ளூ லகூன் அழகுதான், ஆனால் கோடைக் கூட்டத்தில் அங்கே நீரை விடத் தலைகளே அதிகம் தெரியும். மாலையில் திருவிழாவுக்குச் செல்லவிருப்பவர்கள் அதைத் தவிர்ப்பதே சரி.

இரண்டும் மிக எளிதாகப் பொருந்தி வருவது செப்டம்பர் 8. குன்றின் மேல் அமைந்த மெல்லீஹாவில் அன்று திருவிழா. கீழே ஆதிரா கடற்கரையில் வெகுதூரம் நடந்தாலும் ஆழம் மெதுவாகவே கூடுவதால் குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு ஏற்றது. கோசோவில் இருப்பவர்கள் ரம்லாவின் செம்மணலில் பகலைக் கழித்து, மாலையில் மேலேயுள்ள ஷாரா ஊருக்குச் செல்லலாம். ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் செயின்ட் ஜூலியன்ஸில் திருவிழாவே கடலுக்குள் இறங்கிவிடுகிறது: கொழுப்புப் பூசிய ஒரு நீண்ட மரத்தைக் கரையிலிருந்து நீருக்கு மேல் சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள், இளைஞர்கள் வெறுங்காலுடன் அதன் மேல் ஓடி, நுனியிலுள்ள கொடியைப் பறிக்க முயல்வார்கள். பெரும்பாலோர் பாதியிலேயே வழுக்கி நீரில் விழுவார்கள்.

கோசோவுக்குச் சிர்கெவ்வாவிலிருந்து இம்ஜார் செல்லும் படகில் 25 நிமிடப் பயணம். போகும்போது கட்டணமில்லை, திரும்பும்போதுதான் வாங்குவார்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி மால்டா மக்களே பெருந்திரளாகக் கோசோவுக்கு விடுமுறை செல்வதால், வாகனத்துடன் வருபவர்கள் நீண்ட வரிசையில் காத்திருக்க நேரும். நடந்து ஏறுபவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

நேரே கரையிலிருந்து ஆலயத்துக்குள் போக நினைப்பவர்கள், தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். திருப்பலி நடக்கும்போது படம் எடுத்துக்கொண்டு உலவுவது மரியாதையன்று. தெருக்கடைகளில் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்த இம்ஆரெட்டைச் சூடாக வாங்குங்கள். சில்லறை யூரோவாகக் கையில் இருந்தால் காரியம் விரைவில் முடியும். அறையை விழா நடக்கும் சதுக்கத்தில் எடுக்காதீர்கள். காலை 8 மணிக்கே அதிர்வேட்டுகள் தொடங்கிவிடும். கைக்குழந்தையோ வெடிச் சத்தத்தில் நடுங்குபவரோ உடனிருந்தால் அடுத்த ஊரில் தங்குவதே நிம்மதி. விழா இரவுகளில் ஊரின் மையத் தெருக்களில் வாகனங்களை விடமாட்டார்கள், பேருந்துகளும் சுற்றுவழியில் போகும். ஆகவே திரும்பும் பேருந்து எங்கே நிற்கும் என்று மாலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அது தவறினால், கூட்டத்தின் நடுவிலிருந்து போல்ட் செயலியில் வண்டி அழைக்காமல், ஊர் எல்லைச் சாலை வரை நடந்து சென்று அழையுங்கள்.