பெடல் ஸ்டீலில் பெடலையும் லீவரையும் மாற்றியமைக்கும்போது நேரும் தவறுகள்

பெடல் ஸ்டீல் கிட்டார் என்பது கிடையாக வைத்து, தந்திமேல் உலோகப் பாரை நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லீவராலும் தந்திகளின் சுரத்தை மாற்றி வாசிக்கும் கருவி. ஈ9 என்ற சுருதியமைப்பில் உள்ள பத்துத் தந்திக் கருவியில் மூன்று பெடல்களும் நான்கைந்து முழங்கால் லீவர்களும் இருக்கும். எந்தப் பெடல் எந்தத் தந்தியை ஏற்ற வேண்டும், எந்த லீவர் எதை இறக்க வேண்டும் என்பதை, அடியில் பெடலையும் லீவரையும் தந்திகளோடு இணைக்கும் ராடுகளைக் கழற்றி மாட்டி நாமே மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு சுருதி நிற்கவில்லை, பெடல் கனக்கிறது, பழகிய கார்டு காலுக்குச் சிக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்திருப்பார்கள். ஒரு மாற்றத்தை மட்டும் தனியாக எடுத்து யோசித்திருப்பார்கள். இந்தக் கருவியில் எந்த லீவரும் தனியாக வேலை செய்வதில்லை.

இங்கே சொல்வதெல்லாம் ஆல்-புல் வகைக் கருவிக்கு, அதாவது ஏற்றமும் இறக்கமும் ராடை இழுத்தே நடக்கும் கருவிக்கு. 1960-களில் எம்மன்ஸ் கொண்டுவந்த புஷ்-புல் கருவியின் உள்ளமைப்பு வேறு, சுருதி சேர்க்கும் வரிசையும் வேறு. அதில் இந்த முறையைக் கையாள வேண்டாம்.

கூட்டணியைப் பார்க்காமல் இடம் மாற்றுவது

ஏ பெடல் 5, 10-ஆம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6-ஐ ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு ஏற்றும். சி பெடல் 4-ஐ ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கும் 5-ஐ சி ஷார்ப்புக்கும் ஏற்றும். 1950-களில் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் ஒரே பெடலில் வைத்திருந்ததைத்தான் இன்னொரு கலைஞரான பட்டி எம்மன்ஸ் ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தார். பிரித்தும் அவை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் காரணம், ஒரே பாதம் இரண்டையும் சேர்த்து மிதிக்க வேண்டும், பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உருள வேண்டும் என்பதுதான்.

லீவருக்கும் இதே கணக்குதான். 4, 8-ஐ ஈ-யிலிருந்து எஃப்-க்கு ஏற்றும் லீவரை எஃப் லீவர் என்பார்கள். அதை ஏ பெடலோடு சேர்த்தால், மூன்று ஃபிரெட் மேலே அதே மேஜர் கார்டு கிடைக்கும். பட்டி எம்மன்ஸ் பெயரால் வழங்கும் அமைப்பில் ஏ பெடல் இடது ஓரம், எஃப் லீவர் இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளும் இடம். பாதம் பி-யை விட்டு ஏ-யில் சாயும்போதே முழங்காலும் அந்தப் பக்கம் போய்விடும். ஜிம்மி டே என்ற கலைஞரின் அமைப்பில் பெடல் வரிசை சி, பி, ஏ என்று தலைகீழ்; அதனால் எஃப் லீவர் வலப்பக்கம் தள்ளும் இடத்துக்கு வந்துவிடும். பெடலை மட்டும் டே வரிசைக்கு மாற்றிவிட்டு லீவரைப் பழைய இடத்திலேயே விடுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் பிழை. பாதம் ஒரு பக்கம், முழங்கால் எதிர்ப் பக்கம் என்றால் கணுக்கால்தான் வலிக்கும்.

ஒரே முழங்காலின் இடம், வலம் இரண்டிலும் ஒருபோதும் சேர்ந்து தேவைப்படாத மாற்றங்களை வையுங்கள். ஈ-யை ஏற்றுவதும் ஈ-யை இறக்குவதும் அப்படிப்பட்ட ஜோடி. சேர்த்து வேண்டிய இரண்டை அங்கே மாட்டினால் முழங்காலை இரண்டாகப் பிளந்தால்தான் உண்டு.

ராடைத் தொடுவதற்கு முன் சேஞ்சரில் (தந்தியை இழுத்தும் தளர்த்தியும் சுரத்தை மாற்றும் பகுதி) ராடு மாட்ட ஓட்டை மிச்சம் இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள். 5-ஆம் தந்திக்கு ஏ பெடலும் சி பெடலும் ஏற்றத்தில் இரண்டு ஓட்டைகளைப் பிடித்துவிடும். பி ஃபிளாட்டுக்கு இறக்கும் லீவர் இருந்தால் இறக்கத்தில் ஒன்று போகும்.

நைலான் நட்டை வைத்தே எல்லாவற்றையும் சரிசெய்வது

கெடுதல் அதிகம் நடப்பது இங்கேதான். சுரம் எட்டவில்லை என்றதும் கருவியின் ஓரத் தகடான எண்ட்பிளேட்டில், ராடின் நுனியில் உள்ள நைலான் நட்டை முறுக்குகிறார்கள். கொஞ்ச நேரம் எட்டும். ஆனால் ராடில் இருக்க வேண்டிய மயிரிழைத் தளர்வு போய்விடும். பெடலை விட்ட பிறகும் சேஞ்சர் விரல் (சேஞ்சருக்குள் தந்தியை இழுக்கும் நெம்புகோல்) முழுக்கத் திரும்பாது. மிதிக்காத தந்தியே சற்று உயர்ந்து நிற்கும். அதைக் கீஹெட்டில் (தந்தி முறுக்கும் ஆணிகள் உள்ள தலைப்பகுதி) இறக்குவார்கள், அப்போது பெடல் சுரம் மறுபடி எட்டாது. மறுபடி நட். இந்தச் சுழலுக்கு முடிவே இல்லை.

நட் நுணுக்கத்துக்கு மட்டும். ராடு எவ்வளவு நகர வேண்டும் என்பதை மூன்று இடங்கள் தீர்மானிக்கின்றன. பெல்கிராங்கில், அதாவது பெடல் சுழற்றும் குறுக்குத் தண்டிலிருந்து நீட்டி நிற்கும் கையில், ராடு மாட்டும் இடம் அந்தத் தண்டிலிருந்து தள்ளிப்போகப் போக, அதே மிதிக்கு ராடு அதிகம் நகரும், பெடல் கனக்கும். சேஞ்சர் விரலில் அச்சுக்கு அருகே உள்ள ஓட்டையில் மாட்டினால் சிறு இழுப்புக்கே சுரம் நிறைய மாறும், அதுவும் கனக்கும். மூன்றாவது, பெடலோ லீவரோ எங்கே போய் நிற்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டாப் ஸ்க்ரூ.

வரிசை இப்படி இருக்கட்டும். அந்தப் பெடலின் நட்டுகளை எல்லாம் தளர்த்துங்கள். காலுக்கு இதமான ஆழத்தில் ஸ்டாப்பை வையுங்கள். மிக நீண்ட இழுப்புத் தேவைப்படும் தந்தியின் நட்டை, தளர்வு மயிரிழை அளவுக்கு வரும்வரை முறுக்கி, ஸ்டாப் வரை மிதித்துக் கேளுங்கள். சுரம் குறைந்தால் பெல்கிராங்கில் ஒரு படி வெளியே போங்கள். நிறைய மீறினால் ஒரு படி உள்ளே வாருங்கள். அது பொருந்திய பிறகுதான் அடுத்த தந்தி.

பி பெடலை எடுத்துக்கொண்டால் இதன் அருமை புரியும். 3-ஆம் தந்தியும் 6-ஆம் தந்தியும் ஒரே அரைச்சுரம்தான் ஏறுகின்றன. ஆனால் இரண்டும் சுற்றில்லாத (மேலே கம்பி சுற்றப்படாத) தந்திகளாக இருந்தால், ஒரு ஸ்தாயி மேலே உள்ள 3-க்கு 6-ஐப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு நீட்சி வேண்டும். இரண்டு ராடுகளையும் ஒரே அளவு ஓட்டைகளில் மாட்டினால், 6-இன் நட்டை நிறையத் தளர்த்தியாக வேண்டும். அப்போது 3 மெல்ல ஏறிக்கொண்டிருக்க, 6 கடைசி நொடியில் துள்ளி ஏறும். இரண்டும் சேர்ந்து கிளம்பிச் சேர்ந்து முடிய வேண்டுமானால் 6-இன் ராடைத் தண்டுக்கு அருகிலோ, அச்சிலிருந்து தள்ளிய ஓட்டையிலோ மாட்டுங்கள்.

தந்தியின் கனத்தை மாற்றுவதும் இதே வகையில் சேரும். 6-இல் சுற்றில்லாத .020 அங்குலத் தந்தியை எடுத்துவிட்டுச் சுற்றுள்ள .022 போட்டால், உள்கம்பி மெலிந்திருப்பதால் இழுப்பு அதிகம் வேண்டும். ஜி ஷார்ப்பை எஃப் ஷார்ப்புக்கு இறக்கும் லீவர் நேற்றுவரை எட்டியது, இன்று எட்டாது. தந்தியை மாற்றிய அன்றே ராடின் இடத்தையும் பாருங்கள். 3-ஆம் தந்தியான .011 ஏற்கனவே அறுபடும் எல்லைக்கு அருகே நிற்கிறது. அதில் இன்னும் பெரிய ஏற்றம் ஒன்றைச் சேர்க்காதீர்கள்.

ஸ்பிரிங்கை மறப்பது

புதிதாக ஏற்றம் சேர்த்த தந்தி எவ்வளவு இழுத்தாலும் எட்டாமல் மழுங்கி நின்றால், அடியில் விளக்கடித்து இறக்க விரலை (தந்தியை இறக்கும் சேஞ்சர் விரல்) கவனியுங்கள். தந்தி ஏறும்போது அது ஸ்டாப்பை விட்டு விலகினால், அதைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங்குக்குப் பலம் போதவில்லை. ஸ்பிரிங்கை ஒரு ஓட்டை இறுக்கிப் போடுங்கள். அளவுக்கு மீறினால் இறக்கும் லீவர் கல்லாகிவிடும். விலகாமல் நிற்கும் குறைந்தபட்ச இறுக்கமே போதும்.

இடைச்சுரம் தானாக வந்துவிடும் என்று நம்புவது

பி பெடலையும் 6-ஐ எஃப் ஷார்ப்புக்கு இறக்கும் லீவரையும் சேர்த்தால் நடுவில் ஜி கிடைக்க வேண்டும். ஏற்றம் ஒன்று, இறக்கம் இரண்டு, மிச்சம் ஒன்று என்று காகிதத்தில் கணக்கு சரி. கருவியில் அது சற்றுத் தள்ளித்தான் விழும். இந்த இடைச்சுரத்தைத் தனியே சரிசெய்யும் ஸ்பிளிட் ஸ்க்ரூ உள்ள கருவியில் அதைத் திருப்பினால் முடிந்தது. இல்லாவிட்டால் ஒரு கூடுதல் ராடு வேண்டும். ஜி உயர்ந்து விழுகிறது என்று வையுங்கள். இறக்கத்தைச் சற்று அதிகமாக வைத்து, அதே லீவரிலிருந்து ஏற்ற விரலுக்கு ஒரு ராடு போட்டு எஃப் ஷார்ப்பைச் சரியாக்குங்கள். பி பெடல் மிதித்திருக்கும்போது ஏற்ற விரல் ஏற்கனவே முன்னே போயிருக்கும், இந்த ராடு சும்மா தளர்ந்து கிடக்கும். அதனால் ஜி மட்டும் இறங்கும்.

டியூனரில் எல்லாவற்றையும் நடுமுள்ளில் நிறுத்துவது

மாற்றம் முடிந்து சுருதி சேர்க்கையில், ஒவ்வொரு சுரத்தையும் பூஜ்யத்தில் வைத்தால் மூன்றாம் சுரங்கள் உரசும். ஈ-யை வைத்துப் பார்த்தால் ஜி ஷார்ப் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கீழே இருக்கும்போதுதான் கார்டு அமைதியாகும். எஃப் லீவர் சுரம் ஏ பெடலின் சி ஷார்ப்புக்கு மூன்றாம் சுரம், அந்த சி ஷார்ப்பே கீழே இருப்பதால், இது 25 முதல் 30 சென்ட் வரை தாழ்ந்து நிற்கும். அந்தக் கூட்டணியில் பாரை ஃபிரெட் கோட்டுக்குச் சற்று முன்னே வைத்துத்தான் வாசிக்கிறார்கள். அதைப் பிழை என்று எண்ணி நட்டைத் திருக வேண்டாம்.

ஏ, பி இரண்டையும் மிதித்துக்கொண்டு 4-ஆம் தந்தியை மீட்டுங்கள். எந்த ராடும் இழுக்காத அந்தத் தந்தி சில சென்ட் இறங்கினால், இழுவிசையில் கருவியின் உடல் வளைகிறது என்று பொருள். அது ராடு வேலையால் தீராது. எத்தனை சென்ட் என்று குறித்துக்கொண்டு, திறந்த நிலைக்கும் மிதித்த நிலைக்கும் நடுவே 4-ஐப் பிரித்து வையுங்கள்.